குடிமை நலத்தை எதை வைத்து அளப்பது? தமிழும் மலையாளமும் தெலுங்கும் கலந்த எல்லை ஊர்களுக்கான இழை

#1 · கண்ணாடிப்புழை

சித்தூர் நகராட்சியில் வார்டுவாரியாக மக்கள் ஈடுபாட்டை அளக்க ஒரு சின்ன முயற்சி தொடங்குகிறது. இப்போதைக்குக் கையில் இருக்கும் பட்டியல்: உள்ளாட்சித் தேர்தல் வாக்குப்பதிவு, வார்டு சபை (வார்டு வாக்காளர்களின் கூட்டம்) வருகை, வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைக்குக் கட்டணம் கட்டும் வீடுகள், சங்க உறுப்பினர் எண்ணிக்கை, கே-ஸ்மார்ட்டில் (கேரள உள்ளாட்சிகளின் இணையச் சேவைத் தளம்) பதிவாகும் புகார்கள். ஐந்தையும் நூற்றுக்கு மார்க் ஆக்கி, சராசரி எடுத்து, வார்டுகளுக்கு ரேங்க் போடுவதாகத் திட்டம். எங்கே உதைக்கும்? தமிழும் மலையாளமும் கலந்த வார்டுகளுக்குத் தனியாக ஏதாவது செய்யணுமா?

#2 · நகரி_தறி

எந்த சித்தூர் சார்? எங்க சித்தூரா, உங்க சித்தூரா?

#3 · கண்ணாடிப்புழை

பாலக்காட்டுப் பக்கம் அண்ணா. சித்தூர்–தத்தமங்கலம். ஆந்திரா சித்தூர்க்காரர்களும் தாராளமாகச் சொல்லலாம், சிக்கல் ஒன்றுதானே.

#4 · கணக்கு டீச்சர்

முதலில் அந்த ரேங்க்கை விடுங்கள். சராசரி எடுத்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். ஒரு வார்டில் வாக்குப்பதிவு 0.9, கூட்ட வருகை 0.1. சராசரி 0.5. இரண்டுமே 0.5 இருக்கிற வார்டுக்கும் அதே மார்க்தான். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் முதல் வார்டு 0.3-க்கு இறங்கும், பள்ளம் கண்ணுக்குத் தெரியும். ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு 2010-இல் கூட்டுச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரிக்கு வந்ததற்கும் இதுதான் காரணம்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஐந்தும் ஒரே பொருளை அளக்கவில்லை.

வாக்குப்பதிவில் வகுக்கும் எண்தான் வில்லன். இறந்தவர், கட்டிக்கொடுத்துப் போனவர், கோயம்புத்தூரில் குடியேறியவர் பெயரெல்லாம் பட்டியலில் கிடந்தால் சதவீதம் இறங்கும். அந்த வார்டு சோம்பேறி வார்டு ஆகிவிடாது. பூத் பட்டியலிலிருந்து 50 பெயரைக் குருட்டாம்போக்கில் எடுத்து, ஆள் இருக்கிறாரா என்று தெருவில் விசாரித்துவிட்டு வகுக்கும் எண்ணைத் திருத்துங்கள்.

ஹரித கர்ம சேனைக் கட்டணம் இப்போது விருப்பத்தை அளப்பதில்லை. கட்டாவிட்டால் அபராதம் என்று சட்டமே திருத்தியாகிவிட்டது. பயந்து கட்டுவதும் ஊர் மேல் அக்கறையில் கட்டுவதும் அந்த ரசீதில் ஒன்றாகத்தான் தெரியும். அதற்குப் பதில், பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கிற வீடு எத்தனை என்று சேனையில் இருக்கும் சேச்சிகளிடம் கேளுங்கள். அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

புகார் எண்ணிக்கையைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. புகார் அதிகம் வரும் வார்டு, எழுதிக் கேட்கத் தெரிந்த வார்டு. ஒரு புகாரும் வராத தெருவுக்குத்தான் முதலில் போக வேண்டும். கைப்பேசியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர் கே-ஸ்மார்ட்டில் என்ன பதிவார்?

#5 · வேலந்தாவளம்

சங்கக் கேள்வியைப் பத்தி. "ஏதாவது சங்கத்துல உறுப்பினரா?"ன்னு கேட்டா குடும்பஸ்ரீல (கேரள அரசோட பெண்கள் குழுத் திட்டம்) பத்து வருஷமா இருக்கிற அக்கா கூட "இல்லை"ம்பாங்க. அது அவங்களுக்கு அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு. சங்கம்னா சாதிச் சங்கம், இல்லைன்னா தொழிற்சங்கம். அதனால பொதுவாக் கேட்காம, அட்டைல எழுதி ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டணும்: அயல்கூட்டம், சீட்டு அல்லது குறி, கோயில் கமிட்டி, ஜமாஅத், பள்ளிக்கூட பி.டி.ஏ., வாசகசாலை, பால் சொசைட்டி, பாடசேகர சமிதி (நெல் வயல்காரங்க குழு), ஆட்டோ ஸ்டாண்டு யூனியன், பந்து விளையாடுற கிளப். ஒவ்வொண்ணுக்கும் மூணு கேள்வி: போன 12 மாசத்துல எத்தனை தடவை போனீங்க, எழுந்து பேசினீங்களா, பொறுப்பு ஏதாவது உண்டா. பேர் இருக்குன்றது ஈடுபாடு இல்லை.

அடுத்தது மொழிபெயர்ப்பு. மூணு மொழிலயும் ஒரே சொல், பொருள் வேறன்னு கண்ணிவெடி மாதிரிக் கிடக்கு. மலையாளத்துல 'அவசரம்'னா வாய்ப்பு, தெலுங்குல தேவை, தமிழ்ல சொல்லவே வேண்டாம். "கூட்டத்தில் பேச அவசரம் இருந்ததா"ன்னு மலையாளத் தாளைப் பார்த்து அப்படியே தமிழ்ல எழுதினா, தமிழர் "எனக்கென்ன அவசரம்"னு சிரிச்சுட்டு 'இல்லை'ல டிக் அடிப்பார். கணக்குல வாய்ப்பு மறுக்கப்பட்டவராப் பதிவாயிடுவார்! 'விஸ்வாசம்' மலையாளத்துல நம்பிக்கை. தமிழ்ல விசுவாசம்னா நாய்க்கு எஜமான் மேல இருக்கிறது. "நகராட்சி மேல் விசுவாசம் உண்டா"ன்னு கேட்டா அடிக்க வருவாங்க.

வழி: தமிழ்த் தாளைப் பார்க்காத ஒருத்தர் மலையாளத் தாளைத் தமிழாக்கணும், மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப மலையாளமாக்கணும். முதல் மலையாளமும் கடைசி மலையாளமும் எங்கே பிரியுதோ அங்கே கேள்வியை மாத்தணும். பிறகு மொழிக்கு 8, 10 பேர்கிட்ட கேள்வியைப் படிச்சுட்டு "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சீங்க?"ன்னு கேட்கணும். பதில் முக்கியமில்லை, அர்த்தம்தான் முக்கியம்.

#6 · கல்பாத்திக்காரன்

எல்லாம் சரி. ஆனால் மொழி மொழி என்று பிரித்துப் பார்ப்பதே வினையை விலைக்கு வாங்குகிற வேலை. தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவன் எந்த மொழி என்று யார் பார்க்கிறார்கள்? பாலக்காட்டில் ஒரே ஆள் வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கணக்குப் புத்தகத்தில் ஆங்கிலம். அவனை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

#7 · கணக்கு டீச்சர்

எந்தக் கட்டம் என்பது நல்ல கேள்வி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழி என்று ஒன்றைத்தான் எழுதும். 2011-இன் தாய்மொழி அட்டவணை தாலுகா, நகரம் வரை கிடைக்கிறது, அதைப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளலாம். சர்வேயில் மூன்றாகப் பிரியுங்கள்: வீட்டில் பேசும் மொழி, படிக்கத் தெரிந்த மொழி, கூட்டத்தில் எழுந்து பேசத் துணியும் மொழி. நெசவுத் தெருவில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, படிப்பது தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று ஒரே ஆளுக்கு மூன்றும் வேறாக வரும். எனக்கு இதில் முக்கியம் மூன்றாவதுதான். வார்டு சபை நடக்கும் மொழியும் அவர் துணியும் மொழியும் ஒன்றா இல்லையா என்பதுதான் நாம் தேடும் விரிசல்.

பிரிக்காவிட்டால் வினை இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. மொத்த வருகை 12 சதவீதம் என்பது திருப்தியாக ஒலிக்கும். அதில் ஒரு தெருக் கூட்டம் 20, இன்னொரு தெரு 2 என்றால் அந்த 12 யாருக்கும் சொந்தமில்லாத எண்.

தேர் விஷயம்: இந்து–முஸ்லிம் கலவரம் எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்று ஆராய்ந்த அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னே கோழிக்கோட்டையும் அலிகாரையும், ஹைதராபாத்தையும் லக்னோவையும், சூரத்தையும் அகமதாபாத்தையும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார். அன்றாட நட்பு, பண்டிகைக்கு வீட்டுக்குப் போவது ஒரு வகை. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று அமைப்பாகக் கூடுவது இன்னொரு வகை. கிராமத்தில் முதல் வகையே போதும், நகரத்தில் பதற்றம் வரும்போது தாங்கிப் பிடிப்பது இரண்டாவது வகை என்பது அவர் முடிவு. அவர் பார்த்தது மதம், நாம் பேசுவது மொழி. பொருத்தத்தை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் "வடம் சேர்ந்து பிடிக்கிறோம்" என்பது முதல் வகை. கமிட்டியில் யார் உட்கார்கிறார்கள் என்பது இரண்டாவது.

அதை எண்ணலாம். 7 பேர் கமிட்டி, வார்டில் மலையாளம் 70, தமிழ் 30 என்று வையுங்கள். மொழியே பார்க்காமல் ஆள் எடுத்தால் ஏழு பேரும் மலையாளமாக வரும் வாய்ப்பு 0.7-ஐ ஏழு முறை பெருக்கினால் 0.082. ஏழும் தமிழாக வருவது 0.0002. ஆக நூற்றுக்கு 92 கமிட்டி கலப்பாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் 20 கமிட்டியில் 18-க்குப் பதில் 11 தான் கலப்பு என்றால், அந்த இடைவெளியை எழுதிவைக்கலாம். கோயில், ஜமாஅத், சர்ச் கமிட்டிகளை இந்தக் கணக்கில் தனியாக வையுங்கள். அங்கே மதம் ஒன்றாகத்தான் இருக்கும், மொழி கலக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

#8 · கல்பாத்திக்காரன்

கமிட்டிக் கணக்கு ஒப்புக்கொள்கிறேன். தேரை விட்டுக்கொடுக்க மாட்டேன் 🙂

இன்னொன்று: பாலக்காட்டுக்கு அதே படிவத்தைப் பயன்படுத்த முடியாது. கேரள நகராட்சிச் சட்டப்படி ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை போனால் வார்டு சபை கிடையாது, வார்டு கமிட்டிதான். 2011-லேயே பாலக்காடு 1 லட்சத்து 30 ஆயிரம். சித்தூரில் வாக்காளர் யாரும் போய் உட்காரலாம். பாலக்காட்டில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன், அயல்கூட்டம், கட்சி என்று பிரதிநிதியாகத்தான் உள்ளே போகணும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவனுக்கு அசோசியேஷனும் இல்லை, கமிட்டியும் இல்லை. இரண்டு ஊரின் வருகைச் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் எடை போடுவது.

#9 · நகரி_தறி

எங்க ஆந்திரா பக்கம் வார்டு செயலகம், வார்டு மக்களுக்கான அரசு அலுவலகம். 2019 அக்டோபர் 2-ல தொடங்கினது. திங்கக்கிழமை மனு வாங்குவாங்க, நம்பர் குடுப்பாங்க, கம்ப்யூட்டர்ல 'முடிக்கப்பட்டது'ன்னு வரும். இந்த 'முடிக்கப்பட்டது' சதவீதத்தை மட்டும் நம்பிடாதீங்க. மனுவை வேற துறைக்கு அனுப்பினாலும் முடிஞ்சது, "நிதி இல்லை"ன்னு பதில் போட்டாலும் முடிஞ்சது. சாக்கடை அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது: முடிஞ்ச மனுக்கள்ல 40 எடுத்து இடத்துக்குப் போய்ப் பார்க்கறது. மூணு தட்டாப் போடுங்க: வேலை முடிஞ்சது, பதில் மட்டும் வந்தது, ரெண்டும் இல்லை. கூடவே ஒரே தெரு, ஒரே விஷயம், 90 நாளுக்குள்ள திரும்ப மனு வந்திருக்கான்னு தேடுங்க. திரும்ப வந்தா முதல் மனு முடியலைன்னு அர்த்தம்.

இன்னொரு எல்லைச் சிக்கல். நகரி, புத்தூர் பக்கம் வீட்ல தமிழ் பேசறவங்க நிறையப் பேர் தெலுங்கு மீடியம் படிச்சவங்க. 1960-ல திருத்தணி அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டோம். பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. அவங்ககிட்ட தமிழ்ல அச்சடிச்ச தாளை நீட்டினா கண்ணாடி எடுத்துட்டு வரலைம்பாங்க. தெலுங்கு எழுத்துல தாள், வாயால தமிழ்ல கேள்வி. அதுதான் வேலைக்கு ஆகும்.

#10 · வேலந்தாவளம்

மேல சொன்னதுக்கு ஒரு வால்: கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 படி, மொழிச் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல உள்ள அரசு அலுவலகத்துக்குத் தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்ல வரணும். இதையே ஒரு அளவுகோலாக்கலாம். தமிழ்ல குடுத்த மனு எத்தனை நாள்ல பதில் வந்தது, எந்த மொழில வந்தது. மலையாள மனுவோட நாள் கணக்கை ஒப்பிடுங்க. ஆனா பொய் மனு எழுதிச் சோதிக்காதீங்க. ஏற்கெனவே ஆள் குறைவான ஆபீஸ். உண்மையாத் தேவைப்படுறவங்களோட மனுவை, அவங்க சம்மதத்தோட தொடர்ந்து பார்த்தாலே போதும்.

#11 · கண்ணாடிப்புழை

அருமை. வார்டு சபை மினிட்ஸ் புத்தகத்தைத் தகவல் உரிமையில் கேட்கலாமா? கேட்டால் அதில் என்ன பார்ப்பது?

#12 · வேலந்தாவளம்

கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம்னா ரெண்டு வருஷத்துக்கு 8 கூட்டம் வரணும். 8 மினிட்ஸ் இல்லைன்னா அதுவே முதல் தகவல். வருகைப் பதிவேட்டை நகலாக் கேட்காம, நேர்ல போய்ப் பார்வையிட அனுமதி கேளுங்க. நகல்ல மை நிறம் தெரியாது.

பதிவேட்டுல பார்க்க வேண்டியவை:

கையெழுத்து வரிசை. உண்மையாக் கூட்டத்துக்கு வந்தவங்க கலைஞ்சு கலைஞ்சு வருவாங்க, வீட்டு நம்பர் முன்னபின்ன இருக்கும். 41, 42, 43, 44ன்னு தெரு வரிசைல கையெழுத்து ஓடினா, புத்தகம் வீடு வீடாப் போயிருக்கு. கோரம் சேர்க்க நடக்கிற வேலை அது (கிராமசபைன்னா வாக்காளர்ல 10 சதவீதம் வேணும். அந்தக் கோரம், பேருக்கேத்த கோரம்தான்).

பயனாளி நாள். ஆடு, கோழி, வீட்டுப் பராமரிப்பு நிதிக்கு ஆள் தேர்வு பண்ற கூட்டத்துக்கு வருகை எகிறும். அந்தக் கூட்டத்தையும் மத்ததையும் தனித்தனியாச் சராசரி போடுங்க.

தனி ஆட்கள். 8 கூட்டத்துல மொத்தம் 640 கையெழுத்து, ஆனா வேற வேற ஆள் 130 பேர்தான்னா, அதே முகங்கள் சராசரி அஞ்சு தடவை வந்திருக்கு. ரெண்டு எண்ணையும் போடணும்.

சிலர் கையெழுத்தோட எழுத்தை வச்சே தமிழர், மலையாளி எண்ணுவாங்க. வேண்டாம். மலையாள மீடியம் படிச்ச தமிழர் மலையாளத்துலதான் கையெழுத்துப் போடுவார்.

மினிட்ஸ்ல கோரிக்கைகளைத் தனித்தனி வரியா எடுத்து எழுதி, ஒவ்வொண்ணும் எதுவரை போச்சுன்னு அஞ்சு படி: கூட்டத்துல சொன்னது, தீர்மானமானது, வருஷத் திட்டத்துல சேர்ந்தது, பணம் ஒதுக்கினது, வேலை முடிஞ்சது. மூணாவது, நாலாவது படிக்கு சுலேகா மென்பொருள்ல இருக்கிற திட்டப் பட்டியலைப் பாருங்க. அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளின வேலையும் உண்டு, அதனால மார்ச் 31 வச்சு வெட்டிடாதீங்க, இன்னும் ஒரு வருஷம் குடுங்க. ரெண்டு பேர் தனித்தனியாப் படி போட்டு ஒப்பிடணும். பத்துல ரெண்டுக்கு மேல வித்தியாசம் வந்தா படிகளோட விளக்கம் தெளிவா இல்லைன்னு அர்த்தம்.

அப்புறம் கோரிக்கை எந்தத் தெருவோடதுன்னு குறிச்சா, எந்தத் தெரு ரெண்டாவது படியிலேயே நிக்குதுன்னு தெரிஞ்சுடும். இந்த ஒரு அட்டவணைக்கு முன்னாடி மத்த குறியீடெல்லாம் எனக்கு அலங்காரம்தான்.

#13 · கஞ்சிக்கோடு_லைன்

இதுவரை பேசினதில் ஒரு கூட்டமே இல்லை. பாலக்காட்டுத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுப் பக்கம் வேலைக்கு வந்த வங்காளம், அசாம், பிகார், ஒடிசா ஆட்கள். வாக்காளர் பட்டியலை வைத்து சாம்பிள் எடுத்தால் அவர்கள் பூஜ்யம். ரேஷன் கார்டை வைத்தாலும் பூஜ்யம். அறை வாடகைக்கு விடும் கட்டிடங்களை முதலில் பட்டியலிடுங்கள்: கட்டிடம், அறை எண்ணிக்கை, அறைக்கு எத்தனை ஆள். அதிலிருந்து அறையை எடுத்து, அறைக்குள் ஒருவரை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போனால்தான் ஆள் இருப்பார்கள், ஷிப்ட் மாறுவதால் இரண்டு ஞாயிறு போகணும். காண்ட்ராக்டரைக் கூட வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், எல்லாப் பதிலும் "பிரச்சினை இல்லை" என்றே வரும். வாக்கு, வார்டு சபைக் கேள்வி அவர்களுக்குப் பொருந்தாது. உடம்பு சரியில்லாதபோது யார் கூட்டிப் போனார், வேலைத் தகராறு வந்தால் யாரிடம் போவீர், பக்கத்து மலையாளி அல்லது தமிழ் வீட்டுக்குள் எப்போதாவது போயிருக்கிறீரா. இந்த மூன்று போதும்.

#14 · கண்ணாடிப்புழை

வாக்காளர் பட்டியலிலிருந்து 384 பேர் எடுத்தால் போதும் என்று எல்லா இடத்திலும் இருக்கிறதே, அது சரியா?

#15 · கணக்கு டீச்சர்

384 என்பது ஊர் முழுக்கச் சிதறலாக ஒவ்வொருவராக எடுத்தால், ±5 சதவீதப் பிழைக்கு. நீங்கள் தெருத் தெருவாகப் போவீர்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரிப் பதில் சொல்வார்கள், மொழி தெரு தெருவாகப் பிரிந்த ஊரில் இன்னும் அதிகமாக.

கணக்கு இப்படி. 40 இடம், இடத்துக்கு 16 வீடு, மொத்தம் 640. தெருவுக்குள் ஒற்றுமை 0.1 என்றால் வீக்கம் (ஒரே தெருவில் சேர்த்து எடுப்பதால் மாதிரி எத்தனை மடங்கு வலு இழக்கிறது என்பது) 1 + 15 × 0.1 = 2.5. உங்கள் 640 உண்மையில் 256-க்குத்தான் சமம், பிழை ±6.1 சதவீதம். அதே 640-ஐ 64 இடம், இடத்துக்கு 10 என்று பரப்பினால் வீக்கம் 1.9, சமம் 337, பிழை ±5.3. கால்வலி கூடும், எண் திருந்தும்.

தமிழர் பங்கு 20 சதவீதம் என்றால் 640-இல் 128 பேர்தான் வருவார்கள். வீக்கம் சேர்க்காமலே பிழை ±8.7. அதை வைத்து மலையாளத் தெருவோடு ஒப்பிட முடியாது. தமிழர் 40 சதவீதம் வரும்படி கூடுதலாக எடுங்கள் (256 பேர்). ஊர் மொத்தத்துக்கு எண் சொல்லும்போது மட்டும் தமிழர் பதிலுக்கு 20/40 = 0.5, மற்றவர் பதிலுக்கு 80/60 = 1.33 எடை போடுங்கள். இந்த எடையை மறந்துவிட்டு ஊர் சராசரி சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

வீட்டுக்குள் யார்? கதவைத் திறப்பவரைக் கேட்டால் பகலில் வயதானவர்களும் இல்லத்தரசிகளும் மட்டும் சேர்வார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யாரோ அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை திரும்பப் போங்கள், ஒன்று மாலை 6-க்கு மேல். கேட்பவர் தமிழ் தெரிந்தவரா மலையாளம் தெரிந்தவரா என்பதையும் தாளில் குறியுங்கள். அதை வைத்துப் பதில் மாறும்.

#16 · கல்பாத்திக்காரன்

டீச்சர், இதையெல்லாம் செய்து முடித்து நகராட்சியில் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும். எங்கே வைப்பது?

#17 · வேலந்தாவளம்

அடுத்த வார்டு சபைலயே. பெரிய சார்ட் தாள்ல அந்த வார்டோட எண் மட்டும், ரெண்டு மொழில. ஊர் சராசரி ஓரத்துல சின்னதா. கோரிக்கை அட்டவணையைச் சத்தமா வாசிக்கணும், படிக்கத் தெரியாதவங்களுக்கும் சேர்த்து. கவுன்சிலருக்கு ஒரு வாரம் முன்னாடியே காட்டிடுங்க. எண்ல தப்பு இருந்தா அவர்தான் முதல்ல கண்டுபிடிப்பார், கூட்டத்துல வச்சுக் கண்டுபிடிச்சா மொத்தமும் போச்சு. 10 பேருக்குக் குறைவாப் பதில் சொன்ன தெருவோட எண்ணைத் தனியா போடாதீங்க, யார் சொன்னதுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்.

#18 · நகரி_தறி

கேட்க வேண்டிய ஆள்கிட்ட 20 நிமிஷத்துக்கு மேல உட்காராதீங்க சார். தறி நின்னா கூலி நிக்கும்.

#19 · கண்ணாடிப்புழை

ரேங்க் பட்டியலை எடுத்தாச்சு. முதலில் இரண்டு வார்டில் மட்டும் மினிட்ஸ் வேலை, பிறகு சர்வே. கோரிக்கை அட்டவணைக்குப் பத்திகள்: தேதி, தெரு, கோரிக்கை, எந்த மொழியில் சொல்லப்பட்டது, படி 1 முதல் 5, படி மாறிய தேதி. ஏதாவது விட்டதா?

#20 · கணக்கு டீச்சர்

'எந்த மொழியில் சொல்லப்பட்டது' மினிட்ஸில் இருக்காது, எல்லாம் மலையாளத்தில்தான் எழுதியிருக்கும். பழைய கூட்டங்களுக்கு அந்தப் பத்தியைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். இனி வரும் கூட்டத்துக்கு ஒருவர் பின் வரிசையில் உட்கார்ந்து குறிக்கட்டும். சொல்லியும் மினிட்ஸில் ஏறாத கோரிக்கைக்கு 'படி 0' என்று ஒரு பத்தி சேருங்கள்.